ஆறு அட்டைகளுக்கு ஒரு கை

ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பிரியா கேட்டபோது, ஓ.பி. கவுண்டர் முன்னால் புதிதாக நிறுத்தியிருந்த தொடுதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரியா, கருவிப் பிரிவில் முன்பு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். நான் விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஐம்பது வயதில் வேலையை விட்டவளை மட்டாஞ்சேரி ஒரு மாதிரிதான் பார்க்கிறது. நோயா, லாட்டரியா என்று இரண்டே கேள்வி.

திரை முன்னால் ஒரு பெரியவர் நின்றார். 'டோக்கன்' என்ற கட்டத்தை விரலால் தொட்டார். ஒன்றும் வரவில்லை. விரலை வேட்டியில் துடைத்துவிட்டுத் தொட்டார். பிறகு மடங்கிப்போன விரல் முட்டியால் தட்டினார், கதவைத் தட்டுவதுபோல. கடைசியில் இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"எழுத்தைப் பெருசாக்கியாச்சு சேச்சி, கலரும் மாத்தியாச்சு. வயசானவங்களுக்கு இதுக்கு மேல என்ன செய்யிறது?" என்றாள் பிரியா.

"கையைப் பாரு."

"யார் கையை?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

படித்ததும் பழகியதும் பெரிய கதை இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், மெஷினோடு இங்கிலீஷ் என்று மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தப்பாகப் பேசி வளர்ந்த சுள்ளிக்கல் பெண். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் ஸ்டெரிலைசரின் ரப்பர் வளையம் மாற்றினேன். அவ்வளவுதான்.

ஆனால் பாப்பச்சன் சாரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். கருவிப் பிரிவின் தலைவர். பிரிவில் மொத்தம் இரண்டு பேர், ஆகவே அவர் தலைவர், நான் பிரிவு. பழுதான கருவி வந்தால் அவர் முதலில் அதைத் தொட மாட்டார். சாயா குடிப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு குனிந்து கருவியை மோந்து பார்ப்பார். கரிந்த வாசனை என்றால் மின்தடை, மீன் வாசனை என்றால் மின்மாற்றி, வாசனையே இல்லையென்றால், "ஆப்பரேட்டர்" என்பார். பஜார் ரோட்டு மிளகும் இஞ்சியும் ஜன்னல் வழியாக வந்து மூக்கை நிறைக்கும் அந்த அறையில் அவருக்கு மட்டும் எப்படி அது பிரிந்து தெரிந்ததோ! கழற்றும் திருகாணிகளை, வெள்ளைத் தாளில் கருவியின் படம் வரைந்து, எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார். இருபது வருடத்தில் ஒரு திருகாணி மிச்சமானதில்லை.

டாக்டர்களிடம் அவர் மறுத்துப் பேசிக் கேட்டதில்லை. "ஷெரி டாக்டர், நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். பிறகு அவர் செய்வது அந்த ஷெரிக்கு நேர் எதிராக இருக்கும்.

மொபைல் போன் டாக்டர்களின் சட்டைப் பையில் வந்து குடியேறிய காலம். மருத்துவத் தலைவர் டாக்டர் நம்பியாருக்கு ஒரு யோசனை வந்தது. முட்டி வலி, மூட்டு வாதம் என்று நடக்கச் சிரமப்படும் வயதானவர்கள் பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரி வரை வந்து மாடிப்படி ஏற வேண்டுமா? டிஜிட்டல் பிரஷர் கருவியைத் தெருவுக்கே கொடுத்துவிடலாம். பட்டையைக் கையில் சுற்றி, பட்டனை அமுக்கினால், எண் வந்துவிடும். தினமும் அட்டையில் எழுதி வைத்தால் சனிக்கிழமை நர்ஸ் போய் வாங்கி வருவாள். முதல் தெருவாக, கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை செய்து ஓய்வுபெற்ற தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் குறுகிய சந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஆறு பேர், ஆறு மஞ்சள் அட்டை, ஒரு கருவி. சொல்லிக்கொடுக்க, தமிழ் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள்.

கருவியைப் பேச்சியம்மா வீட்டு முன்னறையில் வைத்தேன். எழுபது வயது, தனி ஆள், ஆறு பேரில் பிரஷர் அதிகம் அவளுக்குத்தான். முப்பத்தைந்து வருடம் தெரு கூட்டிய விரல்கள் பஜாரில் குவித்திருக்கும் இஞ்சிபோல முடிச்சு முடிச்சாக, ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து நிற்கும். தோளிலிருந்து கை காதுவரைகூட உயராது. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டேதான் நான் அரை மணி நேரம் பேசினேன். பட்டையை இப்படிச் சுற்ற வேண்டும், இந்தத் துவரம்பருப்பு அளவு பட்டனை மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும், ஆடக்கூடாது, பேசக்கூடாது. எல்லாம் என் கையில், என் விரலால்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார்கள் ஆறு பேரும், பள்ளிக்கூடம்போல.

ஒருவர் கையிலாவது கருவியைக் கொடுத்து, நீங்கள் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. சாயா வந்தது, பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜி வந்தது, இரண்டு சாப்பிட்டேன், கிளம்பினேன்.

திட்டம் பிரமாதமாக நடந்தது. இரண்டு மாதத்தில் அட்டைகள் பொங்கி வழிந்தன. ஒரு நாள் விடுபடவில்லை. எண்களோ, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். 112/72, 110/70, 114/74. ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது 180ஐத் தொட்ட பேச்சியம்மா, வீட்டில் 112! டாக்டர் நம்பியார் மகிழ்ச்சியில் இரண்டு அங்குலம் உயர்ந்தார். ஸ்டாஃப் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தார். சிலருக்கு டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பயத்தில் பிரஷர் ஏறுமாம், வீட்டில் சரியாக இருக்குமாம். "நம்மளைப் பார்த்துத்தான் அவங்களுக்கு நோவு" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. எர்ணாகுளத்தில் நடக்கும் டாக்டர்கள் கூட்டத்தில் இந்தச் சந்துத் திட்டத்தைப் பற்றிப் பேசப்போவதாக அறிவித்தார். பேச்சியம்மாவின் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அதாவது, சனிக்கிழமை நர்ஸ் கொண்டுவந்த அட்டைகளில் செவ்வாய்க்கிழமையைப் பார்த்தோம். ஆறு பேருக்கும் ஒரே காலையில் பிரஷர் எகிறியிருந்தது, நாடி நூறுக்கு மேல். புதன்கிழமை எல்லாருக்கும் மறுபடி 110.

டாக்டருக்கு வியர்த்தது. "எந்தா இது? தண்ணியா? கருவாடா? கல்யாண விருந்து எதுவும் உண்டாயிருந்தோ?" ஆம்புலன்ஸ் அனுப்பி ஆறு பேரையும் அள்ளிவரச் சொன்னார்.

வந்து இறங்கிய காட்சியை நான் மறக்க மாட்டேன். முகத்துக்குப் பவுடர், தலைக்குப் பூ, துவைத்த சேலை. ஆறு பேரில் ஒருவரான முத்துப்பாண்டி மாமா கட்டுச்சோறே கொண்டுவந்திருந்தார். "ஆம்புலன்ஸ்ல ஜன்னலே இல்லியே, படகும் பாலமும் ஒண்ணும் பாக்க முடியல" என்று டிரைவரிடம் குறைப்பட்டார். ஆறு பேரையும் தலைமுதல் கால்வரை சோதித்தார்கள். பேச்சியம்மாவுக்கு 186.

டாக்டர் நிம்மதியாகச் சிரித்தார். "கண்டோ? என்னைக் கண்டதும் ஏறிடுச்சு."

பாதி மாத்திரையோடு அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்று மதியம் பாப்பச்சன் சார் ஆறு அட்டைகளையும் எங்கள் மேசையில் சீட்டுக்கட்டுபோலப் பரப்பினார். சாயா குடித்தார். கடிகாரத்தைக் கழற்றினார். அட்டையை மோந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் நேரமும் எழுத வேண்டும் என்பது நர்ஸின் கண்டிப்பு. சார் அட்டைகளை நேரப்படி வரிசையாக வைத்தார். ஏழு ஐந்துக்கு 156. ஏழு பத்துக்கு 148. பிறகு 143, 139, 135. ஏழரைக்கு 132.

"கொச்சே, இது ஆறு பேர் இல்ல" என்றார். அவருக்கு நான் கடைசிவரை கொச்சுதான், சின்னப் பெண். "ஒரு ஆளோட கோபம் ஆறுறது."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சந்துக்குப் போனேன். பேச்சியம்மா வீட்டு வாசலில் செருப்புக் கூட்டம். உள்ளே நடுவில் சரோஜா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், தோப்பும்படியில் இறால் தோல் உரிக்கிற வேலை, விரல்கள் தையல் மிஷின் ஊசிபோல ஓடும். பட்டை அவள் கையில். மடியில் ஆறு அட்டை. சுற்றிலும் ஆறு பெரியவர்கள் சாயா கிளாசோடு டி.வி. பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கருவி கீச்சென்றது. "முத்துப்பாண்டி மாமா, உங்களுக்கு நூத்திப் பதினாலு."

"நேத்தைக்கு ரெண்டு கம்மியா இருந்துச்சே" என்று மாமா கவலையோடு தாடையைச் சொறிந்தார். "ராத்திரி கருவாடு தின்னேன்லா, அதான்."

சரோஜா பட்டையைக் கழற்றாமலே அடுத்த அட்டையை எடுத்துப் பட்டனை அமுக்கினாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க சேச்சி! உங்களுக்கும் ஒண்ணு பாத்துரவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடி பேச்சியம்மாவின் பாதி மாத்திரை நினைவுக்கு வந்தது.

"சரோஜா, இது உன் கை."

"ஆமா."

"அவங்க பிரஷரை உன் கையில எப்படிப் பாப்ப?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மண்ணெண்ணெய்க் க்யூவுல ஆறு கார்டோட நான்தானே நிக்கேன்? ரேஷன் அரிசிக்கும் நான்தான். வயசானவங்க எதுக்கு வரணும்னு கடைச் சேட்டனே சொல்லுவாரு. கார்டு அவங்களுது, கை என்னுது. இதுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"அவங்க கையில சுத்தியே பாக்கலியா நீ?"

"மொத நாள் சுத்துனேன். பேச்சியம்மா அத்தைக்குத் தோளு தூக்க வரல. பட்டை இறுக்கவும் வலியில அழுதுட்டா. மாமாவுக்கு முழங்கையே நீள மாட்டேங்கு. ஆறு பேருக்கும் மல்லுக்கட்டி முடிக்கதுக்குள்ள இறால் ஷெட்டு வேன் போயிரும். நம்பர்தானே கேட்டீங்க? நம்பர் வந்துச்சுல்ல?"

"செவ்வாய்க்கிழமை என்ன நடந்துச்சு?"

"அதுவா?" சரோஜா தலையைக் குனிந்தாள். ஐந்து பேர் ஒரே குரலில், "குழாயடிச் சண்டை" என்றார்கள். முத்துப்பாண்டி மாமா, "நல்ல சண்டை" என்று சேர்த்துக்கொண்டார்.

பேச்சியம்மாவின் கையில் நானே பட்டையைச் சுற்றினேன். தோளைத் தாங்கிப் பிடித்து, தலையணை வைத்து, கருவி இரண்டு முறை பிழை காட்டி, மூன்றாம் முறை எண் வந்தது. 188/106.

அவள் எண்ணைப் பார்த்தாள், சரோஜாவைப் பார்த்தாள். "அப்போ இத்தனை நாளும் இவ ரத்தத்துக்கு நான் மாத்திரை முழுங்கியிருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கேட்டேன். "பெரியம்மா, தலை சுத்துதா?"

"அது கொஞ்ச நாளாவே இருக்கு புள்ள. காலையில குனிஞ்சா தரை எழும்பி வருது."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"நம்பர் நல்லா இருக்குனு எவ்வளவு சந்தோசமாச் சொன்னாரு! நாம போயி தலை சுத்துதுன்னா அவரு மனசு என்ன பாடுபடும்?"

அன்று இதே அறையில் தின்ற இரண்டு பழம்பொரி நினைவுக்கு வந்தது. அந்தப் பொய் எண்கள் சரோஜாவின் கையில் தொடங்கவில்லை. என் அரை மணி நேரப் பேச்சில்தான் தொடங்கின.

டாக்டர் நம்பியாரிடம் சொன்னபோது அவர் முகம் தொடுதிரைபோல எந்த வெளிச்சமும் காட்டாமல் இருந்தது. எர்ணாகுளம் கூட்டத்துக்கான தாள்கள் மேசையில் கிடந்தன. முதல் வேலையாக மாத்திரையைப் பழைய அளவுக்கே ஏற்றி எழுதினார். அதில் அவர் டாக்டர். இரண்டாவதாகக் கத்தினார். "கருவியைத் திருப்பிக் கொண்டுவாங்க. இனி அவங்க எல்லாரும் தினமும் இங்க வரட்டே!"

தினமும். அந்த முட்டியோடு, பத்தொன்பது படி. பேச்சியம்மா இரண்டு நாள் வருவாள், மூன்றாம் நாள் படுத்துவிடுவாள், அதன் பிறகு அவள் உடம்புக்குள் என்ன ஏறுகிறது, என்ன இறங்குகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தலைசுற்றலைப் பற்றியும் சொன்னேன். அவர் நர்ஸை அனுப்பிக் கேட்டார். "சும்மா சொன்னேன், ஒண்ணுமில்ல" என்று பேச்சியம்மா சொல்லி அனுப்பிவிட்டாள்.

"ஷெரி டாக்டர், நோக்காம்" என்றார் பாப்பச்சன் சார். "அதுக்கு முன்ன ஒரு கை தரணும். ரெண்டும் தந்தா நல்லது."

டாக்டர் ஏதோ கையெழுத்துக்கு என்று நினைத்து நீட்டினார். சார் பையிலிருந்து ஐஸ் குச்சிகளை எடுத்தார். ஒவ்வொரு விரலுக்கு அடியிலும் ஒன்று கோணலாக வைத்து, கிரேப் பேண்டேஜால் சுற்றினார். நிதானமாக, திருகாணிக்குப் பிளாஸ்திரி போடும் அதே முகத்தோடு. மேலே மூட்டு வலித் தைலத்தைத் தாராளமாகத் தடவினார். வயதானவர்கள் கை எந்நேரமும் அந்த எண்ணெயில்தான் மிதக்கும். கடைசியாக ஒரு பேண்டேஜால் டாக்டரின் மேற்கையை விலாவோடு சேர்த்துக் கட்டினார். "இது தோளு."

"பாப்பச்சா, இது என்ன விளையாட்டு?"

"பிரஷர் பாருங்க சார். பட்டன் அங்க இருக்கு."

டாக்டர் பட்டையைப் பிடித்தார், வழுக்கியது. பல்லால் கவ்வினார். பட்டை எப்படியோ கழுத்தைச் சுற்றியது. பட்டனைக் குச்சி நுனியால் குத்தினார், கருவி மேசையில் வழுக்கி ஓடியது. அப்போது பார்த்து அவர் மொபைல் அடித்தது. திரையில் 'அம்மா'. அவர் விரல்கள் ஐந்து கரண்டிகள்போல அதைத் துரத்தின. போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பைத் தாண்டிக் குப்பைக்கூடைக்குள் விழுந்து, அங்கிருந்தும் பாடியது.

"எடுத்துத் தாயேன்!"

"சாரோட அம்மா விளிக்கும்போது நான் எடுக்கிறது மரியாதை இல்லல்லோ" என்றார் பாப்பச்சன் சார், வருத்தமாக.

மூன்று முறை அடித்து ஓய்ந்தது. கட்டை அவிழ்த்ததும் டாக்டர் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு, "ஒரு வாரம்" என்றார். "சனிக்கிழமை நான் அங்க வருவேன். அந்த அம்மா தன் கையால, யார் உதவியும் இல்லாம பாக்கணும். பாத்தா கருவி அங்க இருக்கும்."

ஒரு வாரம் நானும் சாரும் மாறி மாறிக் குச்சி கட்டிக்கொண்டு வேலை செய்தோம். துவரம்பருப்பு பட்டனுக்குப் பின்னால் இரண்டு கம்பியைப் பற்றவைத்து வெளியே இழுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காலிங் பெல் சுவிட்சில் சேர்த்தோம். தைலத்துக்கு வழுக்காமல் அதன்மேல் சைக்கிள் டியூப் ஒட்டினோம். விரலே வேண்டாம், முஷ்டியோ முழங்கையோ வைத்து அழுத்தினால் போதும். பட்டையை ஜூ டவுன் என்கிற யூதத் தெருவில் டூரிஸ்டுகளுக்குப் பை தைக்கும் தையல்காரரிடம் கொடுத்து, சட்டைக் கைபோல முன்பே வளைத்துத் தைத்தோம். மேசைமேல் கிடக்கும் அதற்குள் கையை நுழைத்து, நுனியில் உள்ள துணி வளையத்துக்குள் மற்றக் கையின் மணிக்கட்டை விட்டு இழுத்தால் இறுகும். தோளைத் தூக்க வேண்டியதில்லை. பென்சிலைப் பழைய ரப்பர் செருப்புத் துண்டில் குத்தி நிறுத்தினோம், கைக்கு அடங்கும் தடிமன்.

முதலில் கொண்டுபோன சுவிட்ச் சிவப்பு. பேச்சியம்மா அதைத் தொடவே மாட்டேன் என்றாள், கரண்ட் அடிக்குமாம். வெள்ளை வாங்கினோம். அந்த வெள்ளைச் சுவிட்சை முத்துப்பாண்டி மாமா வருகிறபோதெல்லாம் மரியாதைக்கு ஒரு தடவை அமுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மூடி போட்டோம். ஒவ்வொன்றையும் இந்தத் தடவை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை இருந்ததில்லை.

சனிக்கிழமை டாக்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டு போடாமல் வந்திருந்தார். சந்து முழுக்க வாசலில் நின்றது. சரோஜா வேனை விட்டுவிட்டாள்.

பேச்சியம்மா கையை நுழைத்தாள். மணிக்கட்டை வளையத்தில் விட்டு இழுத்தாள். மூடியை முழங்கையால் தள்ளினாள். முஷ்டியைச் சுவிட்ச் மேல் வைத்து அழுத்தினாள். பட்டை உப்பத் தொடங்கியது.

"பாத்தீங்களா சார், எப்படி மூச்சு வாங்குது..." என்றாள்.

பிழை.

"பேசக்கூடாது அம்மா" என்றார் டாக்டர்.

"நான் எங்க பேசுனேன்? சொல்லத்தானே செஞ்சேன்."

இரண்டாம் முறை அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். "கொள்ளாம், கொள்ளாம், அப்படித்தான்" என்று டாக்டர் உற்சாகமாகக் கையைத் தட்ட, அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிழை. சந்து மொத்தமும் டாக்டரை முறைத்தது.

மூன்றாம் முறை. குழாயடியில்கூடச் சத்தமில்லை. பட்டை உப்பி, நின்று, பெருமூச்சுவிட்டு இறங்கியது. 164/96.

"இது யாருது?" என்றாள் பேச்சியம்மா.

"உங்களுது பெரியம்மா."

"இவ்வளவு உசரம் ஏறியிருக்கு. நான் ஒரு படிகூட ஏறலியே."

சரோஜாவால் பொறுக்கவில்லை. "அத்தை, வேணும்னா என் கையில இன்னொரு தடவை..."

"போடி, உன் நம்பரை நீயே வச்சுக்கோ."

செருப்புத் துண்டோடு பென்சிலைப் பற்றினாள். அட்டையின் இரண்டு கட்டத்தை மீறி, சுவரில் எழுதுவதுபோலப் பெரிதாக, 164 என்று எழுதினாள். அந்த 4 கொம்பு முளைத்து நின்றது. 

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தலை சுத்தல் உண்டோ அம்மா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தான் எழுதிய எண்ணைத்தான் பார்த்தாள்.

"இருக்கு சார்" என்றாள். "காலையில குனிஞ்சா வருது. ரெண்டு மாசமா இருக்கு. உக்காருங்க, சொல்றேன்."

டாக்டர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். பேனாவைத் திறந்தார்.